இரு சுரப்பிகளின் வரலாறு



பட்ட காலிலே படும் என்பது நம்மவர் பழமொழி. சலரோகத்தோடு பல்லாண்டு வாழ்ந்து பழகிய ஒருவருக்குத் தைரொயிட் சுரப்பியிலும் கோளாறு உண்டென்று வைத்தியர் கூறும்பொழுது, வீட்டாரின் வாயில் முதலில் வருவது இப்பழமொழியே. என் அன்னையாருக்கு அவ்வாறு கூறப்பட்ட நாளிலும் எங்கள் வீட்டில் இதனைச் சொன்னார்கள். ஒரு துன்பத்தின் மேல் அதனோடு தொடர்பற்ற இன்னொரு துன்பம் வந்து விழுந்தது என்பதே அவர்கள் கொண்ட கருத்து.

ஆனால் அவ்விரு நோய்களையும் மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றைப் பார்ப்போமாயின், ஒன்றைப் பற்றிய அறிவு மற்றதற்கு வழிகாட்டியிருப்பதையும், ஒன்றை அளக்கும் கருவி மற்றதிலிருந்து பிறந்திருப்பதையும் காண்போம். அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். வரலாறு அறிவதனால் நோய் தீர்ந்துவிடாது. எனினும் நோயோடு வாழ்வோர் எதில் ஏமாறக்கூடாது என்பதை அது உணர்த்தும்.

என் அன்னையார் ஐம்பது வயதில் சலரோகம் உடையவர் என்று அறியப்பட்டார். உணவைக் கட்டுப்படுத்தினார், குளிசைகளைத் தவறாது உட்கொண்டார். அறுபது வயதை நெருங்கியபொழுது அவரிடம் ஒரு சோர்வு தோன்றியது. கிணற்றடிக்குச் சென்று வந்தாலே களைத்து அமர்வார். உணவு குறைந்தது, உடல் எடையோ கூடிற்று. சித்திரை வெயிலில் யாவரும் விசிறியைத் தேடும்பொழுது அவர் போர்வையைத் தேடினார். நாங்கள் எல்லோரும், அவர் உட்பட, "இது சீனி வருத்தத்தின் வேலை" என்று ஒரே காரணத்தைச் சொல்லி அமைந்தோம். இவ்வாறு மூன்றாண்டுகள் கழிந்தன. அம்மூன்றாண்டுகளின் பொருளை இப்பேச்சின் இறுதியில் மீண்டும் கருதுவோம்.

முதலிற் சலரோகத்தின் பழமையை நோக்குவோம். கிறித்துவுக்கு முன் ஏறத்தாழ 1550ஆம் ஆண்டில் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரசுச் சுருள் ஒன்றில் மிகையாகச் சிறுநீர் கழிதலுக்கு மருந்துகள் கூறப்பட்டுள்ளன. கிறித்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் அரெற்றேயஸ், தசையும் உறுப்பும் உருகிச் சிறுநீராய் ஓடிவிடுவதாக இந்நோயை வருணித்தார். நம் பக்கத்தேயோ, சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி வைத்திய நூல் இதனை மதுமேகம் என்று அழைத்தது. தேன் போன்ற சிறுநீர் என்பது அப்பெயரின் பொருள். பிறப்போடு வருவது ஒன்று, தகாத உணவாலும் வாழ்க்கை முறையாலும் வருவது ஒன்று என இருவகையாக நோயைப் பிரித்ததும், முன்னையோர் மெலிந்தவர், பின்னையோர் பருத்தவர் என்று குறித்ததும் அந்நூலின் சிறப்பாகும். இப்பிரிவினையை ஐரோப்பிய வைத்தியம் ஆய்வினால் நிறுவுதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் தோமஸ் வில்லிஸ் என்பவர் பதினேழாம் நூற்றாண்டில் சிறுநீரின் இனிமையைச் சுவைத்தறிந்து எழுதினார். 1776ஆம் ஆண்டில் லிவர்பூல் நகர வைத்தியர் மத்தியூ டொப்சன், அச்சிறுநீரை வற்றக் காய்ச்சிச் சீனியைக் கண்ணாரக் கண்டார். குருதியிலும் அவ்வினிமை உண்டென்று காட்டினார். ஆகவே குற்றம் சிறுநீரகத்தில் மட்டும் இல்லை என்பது விளங்கிற்று. பின் எங்கே உள்ளது? அவ்வினாவுக்கு விடை காண இன்னும் நூறாண்டுகளுக்கு மேலாயின.

இனித் தைரொயிட் சுரப்பிக்கு வருவோம். கழுத்தின் முன்புறத்தே, குரல்வளையின் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்திருப்பது இது. 1656ஆம் ஆண்டில் தோமஸ் வாட்டன் என்னும் ஆங்கில வைத்தியர், கேடயம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குத் தைரொயிட் என்று பெயரிட்டார். பெயரிட்டவருக்கும் இதன் தொழில் தெரியவில்லை. கழுத்திற்கு, சிறப்பாகப் பெண்களின் கழுத்திற்கு, வடிவழகு கொடுப்பது இதன் பயன்களுள் ஒன்று என்று அவர் கருதினார்.

அச்சுரப்பி வீங்கித் தோன்றும் கழுத்துக்கழலையோ எல்லா நாடுகளும் அறிந்த நோய். சீனர் கடற்பாசியையும், ஐரோப்பியர் சுட்ட கடற்பஞ்சின் சாம்பலையும் அதற்கு மருந்தாக உண்டனர். காரணம் அறியாமலே கண்ட மருந்து அது. 1811ஆம் ஆண்டில், நெப்போலியன் காலப் போர்களுக்கு வெடியுப்புத் தேவைப்பட்ட வேளையில், பிரான்சிலே குர்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவி எழுவதைக் கண்டார். அதுவே அயடீன். 1820ஆம் ஆண்டில் ஜெனீவா வைத்தியர் குவாந்தே, பழைய மருந்துகளின் உயிர்ப்பொருள் இதுவாகவே இருத்தல் வேண்டும் என்று ஊகித்துக் கழலை நோயாளருக்கு அயடீனைக் கொடுத்தார். பலருக்குக் கழலை சுருங்கிற்று. ஆனால் அளவறியாது உண்ட சிலர் நெஞ்சு படபடத்து உடல் மெலிந்தனர். அயடீன் நன்மையும் தீமையும் செய்ய வல்லது என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

சுரப்பியின் உண்மைத் தொழிலை உலகுக்கு உணர்த்தியது ஒரு துயர நிகழ்ச்சி. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் தியோடர் கொக்கர் என்னும் சத்திர வைத்தியர், கழலையை வெட்டி அகற்றுவதில் இணையற்றவராக விளங்கினார். அவர் கையில் உயிரிழந்தோர் மிகச் சிலரே. எனினும், சுரப்பியை முழுவதும் அகற்றப்பெற்ற தம் நோயாளரைச் சில ஆண்டுகளின் பின் அழைத்துப் பார்த்தபொழுது அவர் திகைத்தார். பெரும்பாலோர் முகம் ஊதி, நடை தளர்ந்து, பேச்சு மந்தமாகி, அறிவு மழுங்கிக் காணப்பட்டனர். தம் வெற்றியே பிறர்க்குக் கேடாயிற்று என்பதை மறைக்காமல், 1883ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். ஜெனீவாவில் ரெவெர்தென் என்பவரும் அதற்கு முந்திய ஆண்டில் இத்தகைய விளைவைக் கூறியிருந்தார். கொக்கருக்கு 1909ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தம் பிழையைத் தாமே ஆராய்ந்து உரைத்த நேர்மையும் அப்பெருமையில் ஒரு பங்குடையது என்றே நான் கருதுகின்றேன்.

இலண்டனில் வில்லியம் கல் என்பவர் 1873ஆம் ஆண்டில், கத்தி படாத பெண்கள் சிலரிடம் இதே மந்தநிலை தானாகவே தோன்றுவதை எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சுரப்பி இன்மையே நோய் எனின், சுரப்பியைக் கொடுத்தால் தீருமன்றோ? 1891ஆம் ஆண்டில் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே என்னும் இளம் வைத்தியர், செம்மறியாட்டின் தைரொயிட்டிலிருந்து சாறெடுத்து, 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசி மூலம் ஏற்றினார். அவர் முகவீக்கம் வடிந்தது, பேச்சுத் தெளிந்தது. அப்பெண்மணி மருந்தின் துணையோடு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919ஆம் ஆண்டிலே மறைந்தார். ஊசி தானும் வேண்டியதில்லை, ஆட்டின் சுரப்பியை இலேசாகப் பொரித்து உண்டாலே போதும் என்று மறு ஆண்டிலேயே வேறு வைத்தியர் கண்டனர்.

இவ்விடத்திலேதான் இரு வரலாறுகளும் முதன்முறையாக ஒன்றையொன்று தொடுகின்றன. 1889ஆம் ஆண்டில், ஸ்திராஸ்பூர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்றினர். நாய்க்குக் கடுஞ் சலரோகம் கண்டது. மறேயின் வெற்றியை அறிந்தோர், "தைரொயிட் இல்லாதவர்க்குத் தைரொயிட் கொடுத்தது போல, சலரோகம் உடையவர்க்குச் சதையியைக் கொடுப்போம்" என்று முயன்றனர். எண்ணம் சரியானதே, முயற்சிகள் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தன. தைரொயிட்டின் சாரம் வயிற்றிலே அழியாதது. வாயால் உண்டாலும் குருதியைச் சேரும். சதையியின் சாரமோ ஒரு புரதம். உண்டால் உணவோடு உணவாகச் சமித்துப்போகும். பிரித்தெடுக்க முனைந்தாலும், அதே சதையியில் உள்ள சமிபாட்டு நொதியங்கள் அதனை அழித்துவிடும். ஆகவே ஒரு நோயாளர் குழு குணம் பெற்றுவிட, மற்றக் குழு முப்பதாண்டுகள் காத்திருந்து மடிந்தது.

கனடாவின் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் 1921ஆம் ஆண்டின் கோடையில் பன்ரிங், பெஸ்ற் என்னும் இருவர், பேராசிரியர் மக்ளவுட்டின் ஆய்வுகூடத்தில் அச்சாரத்தைப் பிரித்தனர். 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், 65 இறாத்தல் எடையே எஞ்சியிருந்த 14 வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு அது முதன்முறை ஏற்றப்பட்டது. பயன் சிறிதே. கொலிப் என்னும் இரசாயன அறிஞர் அதனைத் தூய்மைப்படுத்தித் தந்தபின், ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஏற்றினர். குருதியிற் சீனி இறங்கிற்று. சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். ஆக்கவுரிமையைக் கண்டுபிடித்தோர் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டனர்.

அந்த 1922ஆம் ஆண்டை இரு நோய்களும் உடையோர் மறத்தல் தகாது. அதே ஆண்டில், சுவிற்சர்லாந்தின் அப்பென்செல் மலைநாட்டில் கழலையைத் தடுப்பதற்காக அயடீன் சேர்த்த உப்பு மக்களிடையே வழங்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் வேர்ணர், பெல் என்னும் இரசாயனர் ஒரு சேர்வையைத் தயாரித்து, அதன் பயன் அறியாமலே குறித்து வைத்தனர். பாரிசு வைத்தியர் ஜீன் ஸ்ரேண் 1957ஆம் ஆண்டில் அச்சேர்வையைச் சலரோகத்திற்குப் பயன்படுத்தி எழுதினார். இன்று உலகெங்கும் இரண்டாம் வகைச் சலரோகம் உடையோர் உண்ணும் மெற்போமின் அதுவே.

இரண்டாம் வகை என்று ஏன் சொல்கின்றோம்? இன்சுலின் கிடைத்தபின், சலரோகம் எல்லாம் இன்சுலின் இன்மையே என்று பலரும் எண்ணினர். 1936ஆம் ஆண்டில் இலண்டனில் ஹிம்ஸ்வேத் என்பவர், நோயாளருக்குச் சீனியையும் இன்சுலினையும் ஒருங்கே கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சீனி உயராது அடங்கிற்று. வேறு சிலருக்கோ இன்சுலின் கொடுத்தும் உயர்ந்தது. பின்னையோரிடம் இன்சுலினுக்கு உடல் இணங்கவில்லை என்றார் அவர். ஆனால் குருதியிலே இன்சுலின் எவ்வளவு உள்ளது என்று நேரே அளந்து காட்ட அக்காலத்தில் வழியில்லை. அளக்கும் வழி வந்தது தைரொயிட் ஆராய்ச்சியின் வாசலால்.

இதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், முன்னாட் போர்வீரருக்கான வைத்தியசாலையில், பௌதிக அறிஞரான ரொசலின் யலோ என்னும் பெண்மணியும், சொலமன் பேர்சன் என்னும் வைத்தியரும் 1950ஆம் ஆண்டு முதல் இணைந்து உழைத்தனர். தைரொயிட் அயடீனை விரும்பி உறிஞ்சுவது. ஆதலின், கதிர்வீசும் அயடீனைச் சிறிதளவு கொடுத்து, அது சுரப்பியிற் சேரும் வேகத்தை அளந்து, சுரப்பியின் நலத்தை அறிந்தனர். பின்னர் அதே அயடீனை இன்சுலினோடு பிணைத்தனர். மந்தையில் ஓர் ஆட்டின் கழுத்திலே மணி கட்டினால், அது செல்லும் வழியெல்லாம் ஓசையால் அறியலாமன்றோ? அதுபோல இன்சுலின் உடலிற் சென்ற வழியை அறிந்தனர்.

அவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். முன்னரே இன்சுலின் ஏற்றிக்கொண்டவரின் குருதியில் அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் தோன்றியிருந்தது. இவ்வெதிர்ப்பொருளையே ஓர் அளவுகோலாக்கலாம் என்பது அவர்களின் நுண்ணறிவு. ஆசனங்கள் சில, அமர வருவோர் பலர். மணி கட்டிய இன்சுலினும், நோயாளரின் குருதியிலுள்ள இன்சுலினும் அவ்வாசனங்களுக்குப் போட்டியிடும். மணி கட்டியவற்றுள் இடம் பெறாதவை எத்தனை என்று எண்ணினால், குருதியில் இயல்பாக இருந்த இன்சுலினின் அளவு வெளிப்படும். 1960ஆம் ஆண்டில் இம்முறை முழுமையாக வெளியிடப்பட்டது. முதிர்ந்த வயதிற் சலரோகம் கண்டவர் பலரின் குருதியில் இன்சுலின் குறையாமல், சில வேளை மிகுந்தே இருந்தது. துருப்பிடித்த பூட்டின் முன் திறப்புகள் குவிந்து கிடந்தாற்போன்ற நிலை அது.

தைரொயிட் ஆராய்ச்சி சலரோக ஆராய்ச்சிக்குக் கொடுத்த இக்கடன் விரைவிலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன் ஒன்றைச் சுரக்கின்றது. தைரொயிட் சோர்ந்தால், சோர்ந்த மாட்டை வண்டிக்காரன் மீண்டும் மீண்டும் தட்டுவதுபோல, அவ்வோமோன் மிகும். இன்சுலினை அளக்கக் கண்ட முறையாலேயே 1960களின் நடுப்பகுதியில் இவ்வோமோனையும் அளந்தனர். இன்று ரீ.எஸ்.எச். என்று குருதிப் பரிசோதனைத் தாளிற் காண்பது இதுவே. பேர்சன் 1972ஆம் ஆண்டிற் காலமானார். யலோ அம்மையார் 1977ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

சுரப்பி ஏன் சோர்கின்றது என்பதற்கும் விடை கிடைத்தது. ஜப்பானிய வைத்தியர் ஹகரு ஹஷிமொட்டோ, நான்கு பெண்களின் வீங்கிய தைரொயிட்டில் வெண்குருதிக் கலங்கள் நிறைந்திருந்ததை 1912ஆம் ஆண்டில் எழுதினார். 1956ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர், உடலே தன் சுரப்பிக்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றது என்று காட்டினர். காவற்காரனே வீட்டைத் தாக்கும் இத்தகைய நோய்கள் ஆண்களினும் பெண்களிடமே மிகுதி.

நம் தீவில் இவ்வரலாறு எவ்வாறு நடந்தது? மழை மிகுந்த தென்மேற்குப் பகுதி நெடுங்காலமாகக் கழலை மிகுந்த நிலம். கொழும்பில் மகாதேவா, சண்முகநாதன் முதலிய ஆய்வாளர் 1960களில் இதனை ஆராய்ந்து எழுதினர். 1995ஆம் ஆண்டு முதல் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்த்தல் நாடெங்கும் நடைமுறையாயிற்று. அயடீன் குறையால் வந்த கழலை தணியத் தணிய, உடல் தன்னையே தாக்கும் வகைத் தைரொயிட் நோய் கண்ணுக்குப் புலப்படலாயிற்று. மறுபுறத்தே சலரோகம் வளர்ந்தது. 2008ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அதனை உடையர் என்று காட்டிற்று. இரண்டும் பரவிய நாட்டில் இரண்டும் ஒருவரிடமே கூடுவது வியப்பன்று.

கூடினால் நிகழ்வது யாது? தைரொயிட் மிகையாகச் சுரந்தால் ஈரல் சீனியை மிகுதியாக வெளியிடும், நன்கு அடங்கியிருந்த சலரோகம் காரணமின்றி எழும், உடல் மெலியும். பார்ப்போர் உணவுக் கட்டுப்பாட்டைக் குறை கூறுவர். தைரொயிட் குறைந்தாலோ, உடலின் வேகம் தாழ்ந்து, எடையும் கொலஸ்திரோலும் ஏறும். அதே வேளையில் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்குவதால், இன்சுலினோ அதனைச் சுரக்கச் செய்யும் குளிசையோ கொள்வோருக்குச் சீனி திடீரென இறங்கிவிடவுங் கூடும். தைரொட்சின் கொடுத்துச் சுரப்பிக் குறையைத் தீர்க்கும்பொழுது, சலரோக மருந்தின் தேவை சிலருக்கு மாறும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிப் பரிசோதனையும் தைரொயிட் மிகக் குறைந்தவிடத்து உண்மையினும் சற்று உயர்ந்து காட்டலாம். நெடுங்காலம் மெற்போமின் உண்பவருக்கு விற்றமின் பி12 குறைவதாலும் சோர்வு வருவதுண்டு. ஆகவே சோர்வு என்னும் ஒரே வாசலில் பல விருந்தாளிகள் நிற்கின்றனர். முதலில் வந்தவரை மட்டும் கண்டு கதவைச் சாத்துதல் ஆகாது.

என் அன்னையாரின் மூன்றாண்டுகளும் அவ்வாறு சாத்திய கதவின் பின்னே கழிந்தவை. ஒருநாள் வழமைக்கு வேறான ஓர் இளம் வைத்தியர் அவரைப் பார்த்தார். சீனியின் அளவைக் கேட்பதற்கு முன், "அம்மா, உங்கள் குரல் முன்னரும் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டார். அப்பொழுதுதான் நாங்கள் கவனித்தோம். தேவாரம் பாடிய குரல் கரகரத்துக் கனத்திருந்தது. நாள்தோறும் கேட்ட காதுகளுக்கு மாற்றம் தெரியவில்லை. குருதியைப் பரிசோதித்தனர், ரீ.எஸ்.எச். பன்மடங்கு உயர்ந்திருந்தது. தைரொட்சின் தொடங்கிச் சில மாதங்களில் போர்வை பெட்டிக்குட் சென்றது.

அதன்பின் அவர் தம் மருந்துகளுக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார். வெறுவயிற்றில் தண்ணீரோடு கொள்ளும் தைரொட்சின், விடியற் குளிசை. உணவோடு கொள்ளும் மெற்போமின், சோற்றுக் குளிசை. விடியற் குளிசைக்குப் பின் அரை மணிக்கு மேல் கழியாமல் தேநீர்க் கோப்பையைத் தொடமாட்டார். சுண்ணாம்புச் சத்துக் குளிசையும் இரும்புச் சத்துக் குளிசையும் தைரொட்சினை உறிஞ்சவிடாமற் தடுப்பவை. ஆதலின் நான்கு மணி நேரம் விலக்கியே அவற்றைக் கொண்டார். எந்த மருந்தின் அளவையும் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. கிளினிக்குக்குச் செல்லும்பொழுது இரு நோய்களின் தாள்களையும் ஒரே உறையில் இட்டுச் சென்று, பார்க்கும் வைத்தியர் எவராயினும் முழுவதையும் காட்டினார்.

அவ்வுறையே இன்று நான் சொல்ல வந்த கருத்தின் வடிவம். வைத்திய நூல்கள் இரு சுரப்பிகளையும் வெவ்வேறு அதிகாரங்களில் எழுதின; வரலாறோ அவை ஒன்றுக்கொன்று கொடுத்தும் கொண்டும் அறியப்பட்டன என்று காட்டுகின்றது. கொக்கர் தம் நோயாளரை மீண்டும் அழைத்துப் பார்த்தமையாற் கண்டார். யலோவும் பேர்சனும் ஒரு நோயின் கருவியை மற்றதன் வாசலுக்குக் கொண்டு சென்றமையாற் கண்டனர். நாமும் நம் வீட்டில் உள்ளவரை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். நெடுநாட் சலரோகம் உடைய அன்னையோ, தமக்கையோ, மனைவியோ களைத்திருக்கின்றேன் என்று சொன்னால், "அது சீனிதான்" என்று விடை கூறும் முன்னர், அவர் குரலைச் சற்றுக் கேளுங்கள்; வைத்தியரிடம் தைரொயிட்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாண்டுகள் சிறிய காலம் அன்று.